டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்த பிரேக்கர்

டெஸ்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பள்ளிக்கூடச் சான்றிதழைத் தவிர வேறெங்கும் அது புழங்கி நான் பார்த்ததில்லை. எந்நேரமும் காதில் கரண்ட் பார்க்கிற ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிகிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வண்டிகளுக்கு வயரிங் செய்வது அவன் தொழில். சீட்டுக் கவர் தைப்பதும் தரைக்கு மேட் ஒட்டுவதும் என் தொழில். பதினோரு வருஷமாக ஒரே தகரக் கொட்டகையில் முன்பாதி அவனுக்கு, பின்பாதி எனக்கு. மழை வந்தால் கூரை பாரபட்சம் பார்க்காமல் இருவர் தலையிலும் ஒழுகும்.

அவனிடம் எனக்குப் பிடிக்காத குணங்கள் நிறைய உண்டு. வாயைத் திறந்தால் மூடமாட்டான். ரெக்சின் வெட்டுகிற என் கத்திரிக்கோலை எடுத்து வயர் வெட்டுவான். கேட்டால் சிரிப்பான். ஆனால் வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு திருகு பாக்கி என்றாலும் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அதன் தலையில் துணி சுற்றி ஓரமாக ஒதுக்கி வைப்பான். அந்தத் துணியை அவன் அவிழ்க்கும்வரை வண்டி யாருடையதானாலும் நகராது. ஒரு முறை போலீஸ் ஜீப்பையே அப்படி அரைநாள் நிறுத்தி வைத்தான். "மைனஸ் மாட்டிட்டேன்னா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்ணே. நடுவுல மாட்டற பேச்சே கிடையாது" என்பான்.

அந்த வழக்கத்தை அவன் மீறியது ஒரே ஒரு வண்டியில்தான். அது அவன் மனைவியின் வண்டி.

அவள் வேன் ஓட்டுகிறாள். வாரத்தில் மூன்று நாள், கிட்னி கெட்டுப்போனவர்களை வீடு வீடாகப் போய் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். ரத்தம் சுத்தம் செய்து முடிய நாலு மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கிவிடுவாள். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. வேனில் வழக்கமாக மூன்று பேர். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண், கணக்கு வாத்தியார், அவருக்குத் துணையாக அவர் மனைவி. வாத்தியாருக்குத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். அரைமணிக்கு ஒரு தரம் சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு முட்டும். அதற்கு ஒரு சின்ன மெஷின் உண்டு, வேனின் பேட்டரியில் ஓடுவது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர்.

போன வாரம் நடுவழியில் அந்த மெஷினின் ஃப்யூஸ் போய்விட்டது. மழையில் இறங்கி, பானட்டைத் திறந்து, பதற்றத்தில் புது ஃப்யூஸைச் சேற்றில் போட்டு, தேடி எடுத்து மாட்டுவதற்குள் வாத்தியாரின் உதடு நீலம் பூத்துவிட்டதாம். அன்று கொட்டகைக்கு வந்தவள் ஈரத்துணியோடு என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிற ஆள் இல்லை அவள். ஆனால் டீ டம்ளர் அவள் கையில் நிற்கவில்லை.

"இனிமே ஃப்யூஸ் வேணாங்க. விழுந்தா ஒரு தட்டுல எழுப்பற மாதிரி ஏதாவது வைங்க. நான் உக்காந்த எடத்துலேருந்து கை எட்டணும்."

"வைச்சிடலாம்" என்றான் டெஸ்டர்.

அப்படி வந்ததுதான் அந்த சர்க்யூட் பிரேக்கர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, கறுப்பு உடம்பு, பக்கத்தில் ஒரு மஞ்சள் நெம்பு, அது விழுகிறதா என்று சோதிக்க ஒரு பட்டன். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து வழியை அடைத்துவிடும். கோளாறைச் சரி செய்துவிட்டு நெம்பைத் தள்ளினால் மறுபடி வேலை செய்யும். இதை எங்கே வைக்க வேண்டும் என்பது அவன் தொழிலில் பாலபாடம். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரம், அவ்வளவுதான். ஏன் என்று முன்பொரு தடவை கேட்டேன்.

"காவல்காரனை வீட்டு வாசல்ல நிறுத்துவீங்களா, சமையல்கட்டுல நிறுத்துவீங்களா? பேட்டரிக்கும் பிரேக்கருக்கும் நடுவுல இருக்கிற வயருக்குக் காவலே கிடையாதுண்ணே. அது எங்கயாவது உரசித் தகரத்தைத் தொட்டுச்சுன்னா, பேட்டரி இருக்கிற பலத்தையெல்லாம் அங்கயே கொட்டிடும். வயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துடும். பிரேக்கர் பாட்டுக்கு சும்மா உக்காந்திருக்கும், அதுக்கு சேதியே போகாது."

இவ்வளவு தெரிந்தவன், வேறு யாராவது கேட்டிருந்தால் "இறங்கிப் போய்த் தட்டுங்க சார், கால் இருக்குல்ல" என்றிருப்பான். கேட்டது அவள். டிரைவர் சீட்டுக்கு இடது பக்கம், அவள் கை தானாக விழுகிற இடத்தில், அளவெடுத்துப் பிரேக்கரை வைத்தான். பேட்டரியிலிருந்து அங்கே வரை நாலடி வயர் காவலில்லாமல் வந்தது. எஞ்சினுக்கும் காபினுக்கும் நடுவே இருக்கிற தகரத்தில் துளை போட்டு அதன் வழியாக அதை இழுத்தான். துளையின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதில் வயர் உரசாமலிருக்க ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள்.

அன்று காலை வளையத்தை வயரில் கோப்பதற்கு முன்பே வயரின் முனைக்கு, போல்ட்டில் மாட்டுகிற செம்பு லக்கை நசுக்கி மாட்டிவிட்டான். லக் வைத்த பிறகு வளையம் நுழையாது. "சை" என்று தலையில் தட்டிக்கொண்டான். "பரவாயில்ல, வளையத்தை ஒரு பக்கம் கீறி அப்புறமா போட்டுக்கலாம்" என்றான். நான் பசை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பசை காய்கிறது, சீக்கிரம் விடு என்று அவனை விரட்டினேன். அவன் விலகினான். வயரின் மேல் மேட்டை விரித்து அழுத்தி ஒட்டினேன். துளை என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. வளையம் இல்லாததையும் பார்த்தேன். அது என் வேலை இல்லை என்று நினைத்ததுகூட இல்லை, ஒன்றுமே நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

அந்நேரம் அவன் மனைவி மகளோடு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடம் விடுமுறை. எட்டு வயசுப் பெண், முன்பல் ரெண்டும் இல்லாமல் ஓயாமல் பேசுவாள், அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

"எங்க, தட்டிப் பாக்கறேன்" என்று அம்மாக்காரி டிரைவர் சீட்டில் ஏறினாள். கரண்ட் இல்லாமல் எதைத் தட்டிப் பார்ப்பது? அவன் துணியை அவிழ்த்து மைனஸை மாட்டினான். அவள் பட்டனை அழுத்தினாள், நெம்பு விழுந்தது. தள்ளினாள், மெஷின் உறுமியது. நான்கைந்து தடவை செய்து பார்த்தாள். ஒரு வாரமாக முகத்தில் இல்லாத சிரிப்பு வந்தது. அவள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் இளித்தபடி நின்றான் அந்த மடையன். மகள் பின்சீட்டில் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேன் போய்விட்டது.

அரைமணி கழித்துக் கொட்டகையைப் பெருக்கினேன். ரெக்சின் துண்டுகளுக்கு நடுவே கறுப்பு வளையம் ஒன்று உருண்டு வந்தது.

"இந்தாடா, உன் சாமான். எந்த வண்டியோடது?"

அவன் ஒரு லாரியின் விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான். கையிலிருந்த விளக்கு கீழே விழுந்து உடைந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அண்ணே, மைனஸ்..." என்றான். "நான் மைனஸ் மாட்டிட்டேன்ல?"

"மாட்டின. அவ ஓட்டிக்கிட்டுப் போயிட்டா."

போனை எடுத்துக் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி போட்டான். எடுக்கமாட்டாள். ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினவனே அவன்தான். அவள் போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். வாத்தியார் வீட்டுக்குப் போட்டான். வீட்டு போன் பூட்டிய வீட்டுக்குள் அடித்தது. தபாலாபீஸ் பெண்ணின் நம்பர் எங்கள் இருவரிடமும் இல்லை.

"ஊரை விட்டுக் கிளம்பிட்டிருப்பாளா?" என்றேன்.

"மூணு பேரையும் ஏத்தி... ஏத்தியிருப்பா. ரோட்டுல இருப்பா இப்ப. அண்ணே, பைக்கை எடுங்க."

"ஒரு நாள்ல உரசிடுமாடா? புது வயர்தானே?"

"ஒரு குழில எறங்கி ஏறினா போதும்ணே. மழை பேஞ்சு ரோடு எப்படிக் கெடக்குது."

டூல் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். ஒரு சுருள் வயரைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் ஏறினான். வளையம் அவன் உள்ளங்கையிலேயே இருந்தது. என் பைக் கிழவி. ஐம்பதுக்கு மேல் போனால் உடம்பெல்லாம் உதறும். அன்று எழுபதில் விரட்டினேன். தூறல் ஊசியாகக் கண்ணில் குத்தியது.

அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. என் காதுக்குள்ளேயே பேசினான்.

"மேட்டுக்கு அடியில புகைஞ்சா மேல தெரியாதுல்லண்ணே?"

"தெரியாது."

"உங்க பசை எரியுமா?"

ஒரு லாரியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"அண்ணே, எரியுமா?"

"எரியும்டா. பசையும் எரியும், மேட்டும் எரியும், சீட்டுல இருக்கிற ஸ்பாஞ்சும் எரியும். என்னைச் சும்மா ஓட்ட விடு."

பிறகு, "சிலிண்டர் வால்வு மூடித்தான் இருக்கும். வாத்தியாருக்கு மூச்சு முட்டினாத்தான் திறப்பாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "பாப்பா அதுமேலதான் காலைத் தூக்கி வெச்சுக்குவா" என்றான்.

ஏரிக்கரை தாண்டியதும் ரோட்டோரம் கரும்புகை எழுந்து நின்றது. அவன் என் தோளைப் பிடித்த பிடியில் பைக் ஆடிப்போய்ப் பள்ளத்தில் இறங்கப் பார்த்தது. கிட்டே போனால், ரோடு போடுகிறவர்கள் பீப்பாயில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி மெதுவாகப் போகச் சொன்னான். வெள்ளை வேன் ஏதும் போனதா என்று டெஸ்டர் கத்திக் கேட்டான். "எவ்வளவோ போகுது" என்றான் அந்த ஆள்.

இன்னும் ரெண்டு மைல் போயிருப்போம். பின்னால் மணிச்சத்தம் கேட்டது. தீயணைப்பு வண்டி. ஒதுங்கி வழி விட்டோம். சேற்றை வாரி எங்கள்மேல் அடித்துவிட்டு, நாங்கள் போகிற திசையிலேயே போனது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பைக்கைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அங்கே போய் எதைப் பார்க்கப்போகிறோம் என்ற பயம். அவன் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அவன் நெற்றி என் முதுகில் முட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு வண்டியை விடாமல் துரத்தினேன்.

பாலத்துக்குப் பக்கத்தில் அது இடதுபக்கம் திரும்பியது. அங்கே தூரத்தில் ஒரு மர அறுவை மில்லின் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. எங்கள் ரோடு நேராகப் போனது.

"மில்லுண்ணே" என்றான். "மில்லுதான். அப்பாடா."

நானும் அப்பாடா என்றுதான் சொன்னேன். எவனுடைய பிழைப்போ அங்கே எரிகிறது, நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்து மூச்சு விட்டோம்.

ஆஸ்பத்திரி வாசலில் நுழையும்போது மணி பன்னிரண்டேகால். பின்பக்கத்து மைதானத்தில், சுவரோரம் வேன் நின்றது. முழுசாக நின்றது. படியில் உட்கார்ந்து மகள் பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அவள் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, நீங்க ஏன் பன்னிக்குட்டி மாதிரி சேறா இருக்கீங்க?" என்றாள் குழந்தை.

அப்பன் அவளைப் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் பானட்டைத் திறந்து, முதல் காரியமாக மைனஸைக் கழற்றினான். மூன்று தடவை ஸ்பேனர் நழுவியது. கழற்றின வயரைச் சுற்றத் துணியில்லை. தன் கைக்குட்டையைச் சுற்றினான். அப்புறம் டார்ச்சை அடித்துத் துளையைக் காட்டினான்.

வயரின் சிவப்புத் தோல் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு, உள்ளே செம்பு மினுங்கியது. துளையின் விளிம்பில் கடுகு அளவுக்கு இரண்டு கரும்புள்ளிகள். பொறி தெறித்த இடம். அதாவது வயர் இரண்டு தடவை தகரத்தைத் தொட்டுவிட்டு, வண்டி குலுங்கியதில் தானாக விலகியிருக்கிறது.

அவன் அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க? என்ன ஆச்சு? போன்ல முப்பது மிஸ்டு கால் இருக்கு, இப்பத்தான் பாத்தேன். திரும்பக் கூப்பிட்டா ரெண்டு பேரும் எடுக்கல."

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் துணியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வழியில ரெண்டு தடவை லைட்டு மங்கிச்சு" என்றாள் மெதுவாக. "ஒரு வாசனையும் வந்துச்சு. வாத்தியாரம்மா தைலம் தேய்க்கறாங்கன்னு நெனச்சேன். ஜன்னலைத் திறந்துவிட்டேன்."

டெஸ்டர் டார்ச்சை அணைத்தான்.

"நானும் அவசரப்படுத்திட்டேம்மா" என்றேன். "பசை காயுதுன்னு."

"ஓட்டையைப் பாத்துட்டுத்தானே ஒட்டினீங்கண்ணே?"

"பாத்தேன்."

"ம்" என்றாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

பிறகு அவள் அவன் பக்கம் திரும்பினாள். "இதே வேன் வேற யாராவது கொண்டுவந்திருந்தா எங்க வெச்சிருப்பீங்க?"

"பேட்டரி பக்கத்துல."

"எனக்கு மட்டும் ஏன் இங்க வெச்சீங்க?"

"நீதானே கை எட்டணும்னு..."

"நான் வண்டி ஓட்டறவ. எனக்கு என்ன தெரியும்? நான் கேட்டா, கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும். அன்னிக்கு நான் நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தேன், அதுக்காக சரின்னு தலையாட்டிட்டீங்க. என்மேல பாசமாத்தான் செஞ்சீங்க, தெரியுது. அந்தப் பாசத்துல மூணு பேரும் நம்ம பிள்ளையும் எரிஞ்சிருப்பாங்க."

அவன் தலையைக் குனிந்தபடி எழுந்து டூல் பையைப் பிரித்தான்.

வாத்தியாரும் தபாலாபீஸ் பெண்ணும் உள்ளே ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினோடு படுத்திருக்க, நாங்கள் மைதானத்தில் வேனைக் கலைத்தோம். ஒட்டின மேட்டை நானே பிய்த்தேன். என் வேலையை நானே பிய்த்தது அதுதான் முதல் தடவை. அவன் பிரேக்கரைக் கழற்றிப் பேட்டரிக்கு ஒரு சாண் தள்ளி, பானட்டுக்குள் திருகினான். பின்பக்கம் வரை புது வயர் இழுத்தான். அவன் விரல் சொன்னபடி கேட்கவில்லை. வளையத்தை அவள் கோத்தாள், லக்கை அவள் நசுக்கினாள், அவன் எங்கே எவ்வளவு அழுத்தணும் என்று மட்டும் சொன்னான். நடுவில் தூறல் வலுத்தது. என் சட்டையைக் கழற்றி பானட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் டீக்கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்தாள். அவள் மட்டும்தான் தின்றாள்.

மூன்றரைக்கு மைனஸ் மாட்டினான். பிரேக்கரின் பட்டனை அழுத்தினான், நெம்பு விழுந்தது.

"சரியா இருக்கு" என்றான்.

"காலையிலயும்தான் விழுந்துச்சு" என்றாள் அவள். "நானே அஞ்சு தடவை அழுத்திப் பாத்தேன். பட்டனை அழுத்தினா விழுதான்னு எனக்கு வேணாம். நெசமாவே தகரத்துல பட்டா விழுதான்னு பாக்கணும்."

"பொறி பறக்கும். நான் செய்யறேன், நீ தள்ளிப் போ."

"உங்க கை ஆடுது."

சிலிண்டரை இறக்கி மைதானத்தின் அந்தக் கோடிக்கு உருட்டிக்கொண்டு போனேன். மகளையும் என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். குழந்தைக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், என் விரலைப் பிடித்துக்கொண்டது. அதன் அம்மா பின்கதவைத் திறந்து, மெஷினுக்குப் போகிற வயரின் முனையைக் கையுறை போட்ட கையால் பிடித்தாள். டெஸ்டர் பேட்டரிப் பக்கம், மைனஸைப் பிடுங்குவதற்குத் தயாராக நின்றான். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தொழில்காரன் கண்ணை மூடுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள் முனையைத் தகரத்தில் வைத்தாள். பளீரென்று ஒரு பொறி. கூடவே பானட்டுக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். வயரைத் தொட்டுப் பார்த்தாள், சூடேறியிருக்கவில்லை. நெம்பைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை வைத்தாள். மறுபடியும் 'டக்'.

"இப்ப சரி" என்றாள்.

நாலரைக்கு வாத்தியாரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துவைத்துப் பிழிந்த துணியாக இருந்தார். தபாலாபீஸ் பெண் வந்தவுடன் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வாத்தியாரம்மா மெஷினைப் போட்டுச் சளியை எடுத்தாள், அது ஒழுங்காக உறுமியது. சிலிண்டரை நான் பழைய இடத்தில் கட்டினேன்.

மகள் ஏறுவதற்காகப் படியில் காலை வைத்தாள். டெஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ அப்பாகூடப் பைக்ல வா பாப்பா."

"மழை பெய்யுதேப்பா."

"பரவாயில்ல. நடுவுல உக்காந்துக்கோ."

டிரைவர் கதவைத் திறந்த அவன் மனைவி அப்படியே நின்றாள். சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தாள். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்க மூணு பேரும் இதுல போலாம். உங்க பொண்ணு போகக்கூடாதா?"

அவன் மகளின் கையை விடவில்லை.

"சரியில்லன்னா சொல்லுங்க. இறக்கிவிட்டுடறேன், வேற வண்டி பிடிச்சுத் தரேன். சரியா இருக்குன்னா பிள்ளையை ஏத்துங்க."

அவன் வேனுக்குள் பார்த்தான். வாத்தியார் கண் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, சிலிண்டரின் கட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தேன்.

அவன் குனிந்து மகளை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கினான். அவள் காலையில் உட்கார்ந்து வந்த அதே இடத்தில் உட்கார வைத்தான். பெல்ட்டை மாட்டி, இழுத்துச் சரி பார்த்தான். அவள் காலைத் தூக்கிச் சிலிண்டர்மேல் வைத்துக்கொண்டாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், சாத்தக் கை வரவில்லை.

மனைவிதான் அவன் கையை எடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய் வண்டியைக் கிளப்பினாள்.